சமாதான ஜெபவீட்டில் நடந்த ஆடிட்

வேலம்பாளையத்தில் ஒரு சபை, சபையாக இருக்கத் தகுதியுடையதுதானா என்று ஆய்வு செய்யவேண்டிய அவசியம் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை யாருக்கும் ஏற்படவில்லை. பாஸ்டர் ராக்கையாவுக்கும் ஏற்படவில்லை. அவர் பன்னிரண்டு வருஷமாகச் சமாதான ஜெபவீட்டை நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் கட்டிங் மாஸ்டர். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர். ஞானஸ்நானத்தின்போது அவருக்கு வேறொரு பெயர் வைத்தார்கள். அதை எழுதிய தாள் எங்கேயோ போய்விட்டதால் ராக்கையாவாகவே ஊழியத்தைத் தொடர்ந்தார்.

ஜெபவீடு என்பது ஒரு பழைய பனியன் குடோன். மேலே சிமெண்ட் ஷீட். ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு பேர் உட்கார்ந்து ஆராதனை செய்வார்கள். மற்ற ஆறு நாளும் அதே இடத்தில் இரும்புக் கம்பிகளில் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அம்மாக்கள் கம்பெனிக்குப் போகிறபோது விட்டுப்போகும் முப்பது குழந்தைகள். திருநீறு பூசிய குழந்தையும் வரும், சிலுவை போட்ட குழந்தையும் வரும், இரண்டையும் வாயில் போட்டுச் சப்பும் குழந்தையும் வரும். ராக்கையாவின் மனைவி சின்னத்தாய் அத்தனை பேருக்கும் ராகிக் கஞ்சி காய்ச்சி ஊற்றித் தூங்கவைப்பாள். கோடையில் ஷீட்டின் சூடு தாங்காமல் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு கிளம்பும். சின்னத்தாய் ஏணி போட்டு ஏறி, பனியன் வேஸ்ட்டைத் தண்ணீரில் நனைத்து ஷீட்டின்மேல் பரப்புவாள். அரை மணி நேரத்தில் அது காய்ந்து, காற்றில் பறந்து, பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். ஒரு கான்கிரீட் கூரை வேண்டும் என்று ராக்கையா ஒன்பது வருஷமாக ஜெபித்துவந்தார்.

அந்த ஜெபத்துக்குப் பதில் கந்தவேல் முதலாளி வடிவத்தில் வந்தது.

கந்தவேல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறவர். முந்நூறு பெண்கள் வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருந்தார். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு புது மோகம் வந்திருந்தது. பனியன் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தைத்தவர்களும் நன்றாக இருக்கிறார்கள் என்று சர்டிபிகேட் வேண்டும். மார்ச் மாதம் ஆடிட் நடந்தது. கந்தவேலின் கம்பெனி எல்லாவற்றிலும் தேறியது, ஒன்றைத் தவிர. கம்பெனியின் குழந்தைகள் காப்பக அறையில் ஒரு பிளாஸ்டிக் குதிரை நின்றது. அதற்குக் கடையில் சுற்றிக்கொடுத்த பாலிதீன் உறை அப்படியே இருந்தது. ஏறிய குழந்தை எதுவும் இல்லாத குதிரை என்று ஆடிட்டர் குறிப்பெழுதிவிட்டார்.

"பாஸ்டருங்க, எங்க பொம்பளைக கொழந்தைகளத்தான இங்க விடறாங்க," என்றார் கந்தவேல், தொட்டில்களுக்கு நடுவில் குனிந்து வந்து. "அப்ப இது எங்க காப்பகம்னே சொல்லிக்கலாமுங்களே. ஆடிட்டரு மறுபடி வந்து கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை. மழைக்கு முன்னாடி கான்கிரீட் போட்டுக் குடுத்தர்றேனுங்க."

ராக்கையா மேலே பார்த்தார். ஷீட்டைத் தாண்டிப் பரலோகம் வரைக்கும் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார். அன்றைக்கு ஷீட்டோடு பார்வை நின்றுவிட்டது.

"சரிங்க மொதலாளி," என்றார்.

மறுநாளே கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் சித்ராதேவி நான்கு பைல்களோடு வந்துவிட்டாள். ஆடிட்டர் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரிசெய்து வைப்பதுதான் அவள் உத்தியோகம். காப்பகம் ஜெபவீட்டுக்குள் இருப்பதால் ஜெபவீடும் ஆய்வுக்குட்பட்ட வளாகமாகிறது என்று விதியை எடுத்துக்காட்டிவிட்டு, படிவத்தை விரித்தாள்.

"இங்க ஊழியம் பண்றவங்க எத்தனை பேருங்க?"

"நான் ஒருத்தந்தான் தாயி."

"யாருகிட்டங்க?"

"கர்த்தர்கிட்ட."

முதலாளி பெயர் என்ற இடத்தில் சித்ராதேவி 'திரு. கர்த்தர்' என்று எழுதினாள். "அவருகூட எழுத்துல ஏதாச்சும் ஒப்பந்தம் இருக்குதுங்களா?"

"உடன்படிக்கை இருக்கும்மா. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு."

"ரெண்டு இருந்தா ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்க. பழச கேன்சல் பண்ணிப்போட்டதா ஒரு லெட்டர் வெச்சுக்கலாமுங்க."

பிறகு கதவைப் பார்த்தாள். கதவுக்கு மேலே ராக்கையா தம் கையாலேயே பெயிண்டில் எழுதிய வாசகம் இருந்தது: வழி ஒன்றே.

"ஒரே வழிதானுங்களா?"

"ஆமாம்மா. அதத்தான பன்னெண்டு வருசமாப் பிரசங்கம் பண்றேன்."

"தீப்பிடிச்சா ரெண்டு வழி வேணுமுங்க."

இரண்டாம் நாள் பின்சுவரை இடித்து அவசர வழி உண்டாக்கினார்கள். அது நேராகச் சாயத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் போய் இறங்கியது. அன்றைக்கு வாய்க்கால் ஊதாவாக ஓடியது. அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, ஓடும் மனிதன் படத்தை ஒட்டினார்கள். 'வழி ஒன்றே' என்பதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'மற்றொன்று பின்புறம்' என்று சேர்க்கப்பட்டது.

அதன்பின் சீர்திருத்தங்கள் வேகமெடுத்தன. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் 'அக்கினி இறங்கட்டும்' என்று பாடுவது, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கிடைக்கும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. சின்னத்தாய்க்குக் கட்டிங் மாஸ்டர்கள் மாட்டும் இரும்புவலைக் கையுறை கொடுக்கப்பட்டது. அவள் அதைப் போட்டுக்கொண்டு கஞ்சி ஊற்றியதில், ஊற்றிய கஞ்சியில் பாதி கையுறையிலேயே தங்கியது. தொட்டில் குழந்தைகள் முப்பது பேருக்கும் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. இரண்டு நாளில் முப்பதையும் தின்றுவிட்டார்கள். கம்பெனியில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள்.

ஜெப விண்ணப்பப் பெட்டி புகார்ப் பெட்டியாக மாறியது. ஒவ்வொரு புகாருக்கும் ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவேண்டும். 'ஆண்டவரே, என் வீட்டுக்காரரின் குடியை நிறுத்தும்' என்று ஒருத்தி எழுதிப் போட்டிருந்தாள். 'தங்கள் புகார் பெறப்பட்டது. சம்பந்தப்பட்ட மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ராக்கையா கையெழுத்துப் போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"வாரத்துல ஒரு நாள் கட்டாயம் லீவு விடோணுமுங்க," என்றாள் சித்ராதேவி. "ஞாயித்துக்கெழம உட்டுருங்க."

"ஞாயித்துக்கெழம லீவு விட்டா சபை எதுக்கு தாயி?"

சித்ராதேவி விதியைப் புரட்டிப் பார்த்தாள். அதற்குப் பதில் இல்லை. அதனால் அதைக் கவனிப்புக்குரியது என்று குறித்துவைத்தாள்.

கடைசியாகப் பதில் பயிற்சி. சபையில் பாதிப்பேர் கந்தவேல் கம்பெனிக்காரர்கள் என்பதால் அது சுலபமாக நடந்தது. எத்தனை மணி நேரம் வேலை என்று சித்ராதேவி கேட்டால், "எட்டு மணி நேரமுங்க" என்று நாற்பது குரல் ஒன்றாக எழும். ஓவர்டைம் என்றால், "விருப்பப்பட்டா மட்டுமுங்க." தென்மாவட்டத்துக்காரர்களும் இதை மட்டும் கொங்குத் தமிழிலேயே சொன்னார்கள். அப்படித்தான் மனப்பாடம். பின்னால் நின்று கேட்ட ராக்கையாவுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவருடைய சபை 'ஆமென்' என்பதை இவ்வளவு ஒற்றுமையாகச் சொன்னதில்லை.

ஆடிட்டர் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். அவருக்காக அன்றைக்கு மட்டும் தொட்டில்களை அவிழ்க்காமல், குழந்தைகளையும் வரவழைத்து வைத்திருந்தாள் சித்ராதேவி. கார்டில் 'கிட்டு' என்று இருந்தது. முழுப்பெயர் கிட்டுசாமி, சொந்த ஊர் வெள்ளகோவில் என்பதைக் கழுத்து டை மறைத்திருந்தது. குழந்தைகளை எண்ணினார், தொட்டிலை ஆட்டிப் பார்த்தார், பலகையில் கால் வைத்துப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டார். எல்லாம் திருப்தி. பத்து மணிக்கு ஆராதனை நடுவில் எழுந்து நின்று, படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு ரெண்டு மூணு சாட்சி வேணும். யாராச்சும் வந்து பேசினாப் போதும்."

சபையில் சாட்சி என்றால் ஒரே அர்த்தம்தான். மைக்கைப் பிடித்து, உள்ளே கிடப்பதை ஆண்டவர் முன்னால் கொட்டுவது. சித்ராதேவி சொல்லிக்கொடுத்தது எல்லாம் 'இன்டர்வியூ'வுக்கான பதில். சாட்சிக்கு அவள் பயிற்சி கொடுக்கவில்லை.

முதல் வரிசையிலிருந்து அனுசுயா எழுந்தாள். கந்தவேல் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மைக்கை வாங்கியதும் அழ ஆரம்பித்தாள்.

"போன மாசம் நான் ஒரு பொய் சொல்லிட்டேன். எட்டு மணி நேரம் வேலைன்னு ஒரு சார்கிட்ட சொன்னேன். பதினாலு மணி நேரம் பாத்தேன். அன்னைலருந்து ஜெபம் பண்ண முடியல. அந்த சார் இன்னைக்கு இங்கதான் ஒக்காந்திருக்காரு. சார், என்னைய மன்னிச்சிருங்க."

சபை ஸ்தோத்திரம் என்றது. பழக்கம்.

அடுத்து அயர்னிங் மாஸ்டர் சோணைமுத்து எழுந்தார். ஆடிட் நடந்த அன்று மட்டும் கக்கூஸ் திறந்திருந்ததாகவும், அடுத்த நாள் போனால் பூட்டு தொங்கியதாகவும், இதை மறைத்தது தன் நெஞ்சில் முள்ளாகக் குத்துவதாகவும் சொன்னார். அவருக்குப் பின்னால் ஆறு பேர், அந்த ஆறு பேருக்குப் பின்னால் பதினேழு பேர். வரிசை வாசலைத் தாண்டியது. நடுவில் புகுந்தவரைப் பின்னால் போகச் சொன்னார்கள். சொல்லிமுடித்தவர்கள் முகம் கழுவியதுபோல் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் வரிசையின் கடைசிக்குப் போய் இரண்டாம் தடவை நின்றார். மறந்துபோன ஒரு பொய் ஞாபகம் வந்துவிட்டதாம். கீபோர்டு வாசிப்பவர் உற்சாகம் தாங்காமல் மெட்டை வேகப்படுத்தினார். குழந்தைகள் கைதட்டின.

பதினோராவது ஆளாக மைக்கைப் பிடித்தது சித்ராதேவி. அவள் அந்தச் சபை ஆளே இல்லை. மருதமலைக்கு மாதாமாதம் போகிறவள்.

"அந்தப் பதிலெல்லாம் எழுதிக் குடுத்தது நாந்தானுங்க," என்றாள். "குதிரைய வாங்குனதும் நாந்தான். என்ற சொந்தக் கொழந்தையவே அதுல ஏத்தறதுக்கு நேரமில்லீங்க."

ராக்கையா மேடையில் நின்றபடியே உருகிப்போனார். இத்தனை பேர் உண்மை பேசுகிற இடத்தில், ஒரு கூரைக்காகத் தான் ஒரு பொய்யை மடித்து வைத்திருப்பது அவருக்குப் பாரமாகத் தெரிந்தது.

ஆடிட்டர் கிட்டுவின் பேனா எப்போதோ நின்றுவிட்டது. போன மாதம் கந்தவேல் கம்பெனிக்குச் சர்டிபிகேட்டுக்குப் பரிந்துரை எழுதியது அதே பேனா. வெளிறிய முகத்தோடு மேடைக்கு வந்தார்.

"பாஸ்டர், இத மட்டும் தெளிவாச் சொல்லுங்க. இந்த இடம் கந்தவேல் கம்பெனியச் சேர்ந்ததா, இல்லையா?"

ராக்கையா கண்ணை மூடினார். வேர்க்குரு கிளம்பிய முதுகுகள் தெரிந்தன. சின்னத்தாய் ஏறும் ஏணி தெரிந்தது.

"இல்லய்யா," என்றார். "இது கர்த்தரோட வீடு. கம்பெனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆமான்னு சொல்றதா ஒத்துக்கிட்டேன். அது என் பாவம்."

சபை எழுந்து நின்று அல்லேலூயா சொன்னது. கிட்டுவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி தோன்றியதை ராக்கையா பார்த்தார். ஒரு ஆத்துமா தொடப்பட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. சின்னத்தாய்க்கு ராக்கையாவே வாசித்துக் காட்டினார்.

கந்தவேல் கம்பெனி தேறிவிட்டது. 'மேற்படி நிறுவனத்தின் நிலைமை குறித்துச் சில கருத்துகள் தெரிவிக்கப்பட்டன. அவை தெரிவிக்கப்பட்ட இடம் நிறுவனத்துக்குச் சம்பந்தமற்றது என அதன் பொறுப்பாளரே உறுதி செய்துள்ளதால், அவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. நிறுவனத்தின் குதிரையிலிருந்து உறை அகற்றப்பட்டுவிட்டது.'

ஜெபவீடு தேறவில்லை. 'பணியாளர்கள் ஆறு நாளும் பதினான்கு மணி நேரம் உழைத்த பின்னர், ஓய்வு நாளில் மூன்று மணி நேரம் இங்கே உட்காரவைக்கப்படுகிறார்கள். அவர்களது களைப்புக்கு இந்த மூன்று மணி நேரமே காரணமாகலாம்.'

"நம்மாலயா களைச்சாங்க?" என்றாள் சின்னத்தாய்.

"எழுதியிருக்காகளே," என்றார் ராக்கையா.

மறுநாள் கந்தவேல் வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்திருந்தார் ராக்கையா. அவரோ பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார்.

"பாஸ்டருங்க, சம்பந்தமில்லைன்னு நீங்க சொன்ன ஒரு வார்த்தைதானுங்க எங்களக் காப்பாத்துச்சு. ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா கம்பெனியே போயிருக்கும். திங்கக்கெழமையிலிருந்து கூரைக்குச் சென்ட்ரிங் வேலை ஆரம்பிக்கறானுக."

"மொதலாளி, நான் உண்மையச் சொன்னேன். அதுக்குக் கூலி வாங்கக்கூடாது."

"உண்மைக்குத்தானுங்க தர்றேன்," என்றார் கந்தவேல் மனசாரவே. "இன்னொண்ணுங்க. அன்னைக்குப் பேசுனவங்க அத்தன பேரும் மறுநாள் வந்து என்ன வேலை பாத்தாங்கங்கறீங்க. மூஞ்சியெல்லாம் அப்பிடித் தெளிவு. வருசா வருசம் ஆடிட்டுக்கு முந்துன ஞாயித்துக்கெழம எல்லாரையும் பஸ்ல அனுப்பி வெக்கறேனுங்க. உண்மையெல்லாம் இங்கயே சொல்லி முடிச்சுட்டாங்கன்னா, திங்கக்கெழம அங்க வந்து கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுவாங்க பாருங்க."

ராக்கையா மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அந்நேரம் ஒரு குழந்தை தொட்டிலில் முதுகைச் சொறிந்துகொண்டு சிணுங்கியது.

ஜூன் மாதம் கூரை போட்டார்கள். செய்தி ராயபுரத்துக் கம்பெனிகள் வரைக்கும் பரவியது. அடுத்த வருஷம் ஆடிட் காலத்தில் நான்கு கம்பெனிகள் பஸ் அனுப்பின. பிறகு பதினொன்று. கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், சித்ராதேவியின் யோசனைப்படி, டோக்கன் முறை வந்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம். பெரிய பொய்யாக இருந்தால் மூன்று. ஆரம்பத்தில் ராக்கையாவுக்கு உறுத்தியது. வாரத்துக்கு இருநூறு பேர் உண்மை பேசுகிறார்களே, எந்தச் சபையில் இது நடக்கும் என்று தமக்குத்தாமே சொல்லிப் பார்த்தார். சில மாதங்களில் உறுத்தல் நின்றுவிட்டது. நேரம் முடிந்ததும் மணி அடிக்கவும் பழகிக்கொண்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையை விட்டு விலகி ஒருவர் தயங்கித் தயங்கி மேடைப்பக்கம் வந்தார். கழுத்தில் டை இல்லை. கண் சிவந்திருந்தது. கிட்டுசாமி.

"பாஸ்டருங்க," என்றார், வெள்ளகோவில் தமிழில். "எட்டு வருசமா நெஞ்சுக்குள்ளயே கெடக்குதுங்க. நாப்பது கம்பெனிங்க. இன்னைக்கு ஒரு ரெண்டு நிமிசம் மைக்கு குடுங்க."

ராக்கையாவின் உள்ளம் நிஜமாகவே இளகியது. எத்தனை நாள் இந்த மனிதனுக்காக ஜெபித்திருப்பார். அவர் தோளில் கை வைத்து, மிகுந்த அன்போடு கேட்டார்:

"டோக்கன் வாங்கிட்டீங்களாய்யா?"