கவனம் சிதறாத குற்றம்

கல்லூரி உளவியல் துறையின் கவன ஆய்வுக்கூடத்துக்கு என்று உயர்ந்த கொள்கை ஒன்று உண்டு: இக்கால இளைஞர்களுக்குக் கவனம் என்பதே கிடையாது. கொள்கை முதலில் வந்துவிட்டது; நிரூபிக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே, உளவியல் மாணவர்கள் ஆளுக்கொரு சோதனையில் ‘தாமாக முன்வந்து’ உட்கார்ந்து இயக்குநரிடம் கையெழுத்து வாங்காவிட்டால் தேர்வெழுத முடியாது என்று உத்தரவு போட்டார்கள்.

அப்படித் தாமாக முன்வந்து மாட்டிக்கொண்டவள் முட்டைக்கண்ணி. வகுப்பில் வைத்த பெயர். திரையில் சிவப்புப் புள்ளி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. தேர்வு போனால் ஒரு வருஷமே போச்சு என்ற பயத்தில், பாவி மகள், ஒரு புள்ளியைக்கூட விடவில்லை.

இயக்குநர் கைபேசியிலிருந்து தலை நிமிராமல் கேட்டார். “எத்தனை விட்டா?”

“ஒண்ணுகூட விடலை சார்,” என்றார் உதவியாளர்.

“மெஷினை மாத்து.”

மாற்றினார்கள். மறுபடியும் அதே கதை.

“அப்போ பொண்ணுதான் ரிப்பேர். கையெழுத்து கிடையாதுன்னு சொல்லி அனுப்பு.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “நீங்க சொன்னதைத்தானே சார் செஞ்சேன்?”

“அதாம்மா பிரச்சனை,” என்றார் உதவியாளர் இரக்கத்தோடு. “நாங்க சொன்னதை உன்னை யாரு செய்யச் சொன்னா? ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ஒத்துழைப்பு குடு.”

புரிந்துகொண்டாள். இமைக்காமல் காத்திருந்து, புள்ளி வரும் நொடி பார்த்துக் கையைப் பொத்தானிலிருந்து எடுத்தாள். ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையையும் தவறவிட்டாள். அப்படியொரு கவனத்தை அவள் பிறந்ததிலிருந்து செலுத்தியதில்லை. இயக்குநர் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். அவளுக்கோ தாராள மனசு. இந்த சூட்சுமத்தை வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

தேர்வன்று பார்த்தால் தேர்வறைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

“கவனமே இல்லைன்னு விஞ்ஞானபூர்வமா நிரூபணமானவங்களை எப்படிம்மா பரீட்சைக்கு விடுறது?” என்றார் உதவியாளர். “கேள்வியைக் கவனிச்சுப் படிக்க வேணாமா?”

“நாங்க வேணும்னேதான் விட்டோம் சார்.”

“சத்தமா சொல்லாதே. அப்புறம் ஏமாத்தினதுக்குத் தனியா விசாரணை வைப்பாங்க.”

வகுப்பே வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பியது. யாரும் எழுதாததால் யாரும் தோற்கவில்லை. துறையும் அதை உரிய பெருமிதத்தோடு வாசலில் ஒட்டியது: இவ்வாண்டு தேர்வில் ஒருவர்கூடத் தோல்வியடையவில்லை.

சேர்க்கை ஆரம்பித்ததும் வரிசை தெருமுனை வரை நீண்டது. நடுவில் அவளுடைய அப்பா, தம்பியைக் கையோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஓடிப்போய் அவர் காதருகே சொன்னாள்.

“அப்பா, நானே இன்னும் பரீட்சை எழுதலைப்பா. யாரையும் எழுத விடலை. என் வருஷம் போச்சு, இவனையும் கொண்டுவந்து தள்ளாதீங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.”

அப்பாவின் பார்வை அந்த அறிவிப்பை விட்டு நகரவேயில்லை.

“கேட்டுட்டுதாம்மா இருக்கேன்,” என்றார். “ஒருத்தர்கூட ஃபெயில் இல்லையாமே. வீட்டுல ஒரு வார்த்தை சொன்னியா நீ?”