மே ஐ கம் இன்?

"மே ஐ கம் இன்?" என்றது போன்.

முத்துமாரி அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், ஜன்னல் பக்கமிருந்து வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

அவள் போனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நல்ல உச்சிவேளை. ஆனாலும் கனத்த திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்ததால் அறைக்குள் சாயங்காலம் போல இருந்தது. குழந்தைகள் பாய்களில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் இல்லை.

அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் மழலையர் பள்ளி அது. முத்துமாரி அங்கே ஆயாம்மா. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவாள், மூக்கு துடைப்பாள், தூங்க வைப்பாள். அதற்கெல்லாம் இதுநாள் வரை தமிழே போதுமானதாக இருந்தது. எந்தப் பிள்ளையின் மூக்கும் இதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. தலைமை அலுவலகத்துக்குத்தான் போதவில்லை. இனிமேல் ஆயாம்மாக்களும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பரீட்சை. ஒரு தேவதைக் கதையை முழுசாக இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான்.

மற்ற ஆயாம்மாக்கள் உத்தரவைக் கேட்ட மறுநாளே நின்றுவிட்டார்கள். முத்துமாரியால் அப்படி நிற்க முடியாது. அவள் புருஷன் ரங்கன் படகு தள்ளும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஊரூர் குப்பத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்.

பள்ளியின் தலைமை ஆசிரியை அனு மேடம்தான் அந்தக் கதையைப் போனில் அனுப்பியிருந்தாள். ஒரு பெண் குரல் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லும். நாம் திருப்பிச் சொல்ல இடைவெளி விடும். மழையில் மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண், காட்டுக்குள் சூனியக்காரி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். "தினமும் பேசற எல்லா வார்த்தையும் இந்த ஒரு கதைலயே இருக்கு" என்றாள் அனு மேடம். இருந்தது உண்மைதான். உள்ளே வரலாமா, உட்காரு, சாப்பிட்டாயா, தனியாகவா வந்தாய், பயப்படாதே. எல்லாம் வீட்டுக்கு வீடு பேசுகிற பேச்சு. சூனியக்காரி கேட்கும்போது மட்டும் ஒவ்வொன்றும் மிரட்டல் போலக் கேட்டது.

அன்று சாயங்காலம் பள்ளி வேன் டிரைவர் டில்லிபாபுவைப் பிடித்தாள்.

"டில்லிண்ணா, அந்த ரூம்ல என்கூட யாரோ சேந்து படிக்கிறாங்க."

"எக்கோமா அது. பழைய வூடு இல்ல? சவுண்டு செவுத்துல பட்டு ரிட்டன் வரும்."

"நான் சொன்னப்புறம் வந்தா எக்கோ. நான் சொல்றதுக்கு முன்னாடியே வருதே?"

டில்லிபாபு சற்று யோசித்தார். "அட்வான்ஸ் எக்கோ" என்றார்.

அதோடு விடாமல் தன் சட்டைப் பையிலிருந்து இயர்போனையும் எடுத்துக் கொடுத்தார். "இத்த மாட்டிக்கினு படி. சவுண்டு வெளியவே போவாது. அப்பால இன்னா எக்கோ வரும்?"

மறுநாள் அவள் இரண்டு காதிலும் அதைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆர் யூ அலோன்?" என்று சூனியக்காரி அவள் காதுக்குள் மட்டும் கேட்டாள். முத்துமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆர் யூ அலோன்?" என்றது ஜன்னலோரம்.

இதுவரையாவது போன் மேல் பழி போட வழி இருந்தது. இயர்போன் அதையும் கெடுத்துவிட்டது. அவள் அதைப் பிடுங்கி எறிந்தாள். ஏசியின் முனகலைத் தவிர வேறு சத்தம் இல்லை. அப்போதுதான் பிள்ளைகளைக் கவனித்தாள். மல்லாந்தும் குப்புறவும் கண்டபடி படுத்திருந்த அத்தனை பிள்ளைகளும் தூக்கத்திலேயே புரண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கதை கேட்கிறது போலப் படுத்திருந்தன.

முத்துமாரி அனு மேடத்தின் அறைக்கு ஓடினாள். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"டெஸ்ட்டுன்னா எல்லாருக்கும் ஏதாவது வரும் முத்துமாரி. எனக்கெல்லாம் காய்ச்சல் வரும். உங்களுக்குப் பேய் வந்திருக்கு."

"வேற ரூம்ல குந்தி படிச்சிக்கிறேன் மேடம்."

"அப்ப பசங்களை யார் பாத்துக்கறது? உங்க பயம் போகணும்னா ஒரே வழிதான். ஆபீஸ் ரூம்ல வைக்கறதா இருந்த டெஸ்ட்டை அந்த ரூமுக்கே மாத்திடறேன். பசங்க தூங்கற நேரம், அமைதியா இருக்கும்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று முத்துமாரிக்குத் தோன்றியது. அடுத்த நாள் அதையே செய்தாள். போனைத் தொடவில்லை. வாயைத் திறக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள்.

"மே ஐ கம் இன்?"

அவள் அசையவில்லை.

"மே ஐ கம் இன்?" இந்த முறை இன்னும் பணிவாகக் கேட்டது.

ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வாய் சும்மா இருக்குமா? முந்தானையையும் மீறி, "ப்ளீஸ் கம் இன்" என்று சொல்லித் தொலைத்தது. சொன்ன பிறகுதான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டோமே என்று உறைத்தது. ஜன்னலோர நாற்காலி, யாரோ உட்கார்ந்தாற்போல், கிறீச்சென்றது.

"தேங்க் யூஊ" என்றது குரல்.

அந்த இழுவை அவளுக்குத் தெரியும், குப்பத்தில் பக்கத்து வீட்டிலிருந்து தினமும் கேட்டுப் பழகியது. வேனுக்கு ஓடியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"டில்லிண்ணா, அது அங்காளம்மாக்கா."

டில்லிபாபு வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார். "அந்தக்கா மார்கழிலயே டெங்குல பூட்ச்சே."

"அது தெரியாதா எனக்கு? அது எடத்துக்குத்தான நான் வேலைக்கு வந்தேன்."

"பாவம்மா. உத்தரவு இப்பதான் வந்துச்சு, ஆனா டெஸ்ட்டு வரப்போவுதுன்னு தீவாளிக்கே பேச்சு அடிபட்டுச்சு. அன்னிலருந்து இதே கதையதான் படிச்சிக்கினு கெடந்துச்சு. வேன்ல ஏறசொல்ல கூட என்னாண்ட மே ஐ கம் இன்னு கேட்டுட்டுத்தான் ஏறும். வேலை போய்டுமோ, வேலை போய்டுமோன்னு அதே பயம்."

"இப்ப நான் இன்னா பண்றது?"

"முறைச்சிக்காத. உன் கஷ்டத்த சொல்லிக் கேளு. நல்ல மனசுக்காரி, வுட்டுக்குடுக்கும்."

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் முத்துமாரி அந்த நாற்காலிக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, நீ இருக்கற எடத்துல யாருக்கா இங்கிலீஷ்ல பேசப் போறாங்க? எங்க வூட்டுக்காரு படுத்த படுக்கையா கீறாரு. இந்த வேலையும் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் பட்டினிதான். எனக்கு நாளைக்கு டெஸ்ட்டு. நீ குறுக்க குறுக்க சொன்னா எனக்கு எல்லாம் மறந்து போவுது. கொஞ்சம் வுட்டுக்குடுக்கா."

சொல்லச் சொல்ல அவளுக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. பயத்தில் பாதி, பசியை நினைத்துப் பாதி.

பிறகு குரல் கதையை முதலிலிருந்து தொடங்கியது. ஒரு வாக்கியம் சொல்லும், நிறுத்தும். முத்துமாரி திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கும். தப்பாகச் சொன்னால் அதையே இன்னொரு முறை நிதானமாகச் சொல்லும். போனுக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது. கதை முடிந்தபோது முத்துமாரிக்குப் பயம் பாதிக்கு மேல் போயிருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் பொறாமைதான் மிஞ்சியிருந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கு வராத இங்கிலீஷ் போய்ச் சேர்ந்தவளுக்கு இப்படி வருகிறதே என்று ஆற்றாமையோடு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பரீட்சை வைக்க வந்தவர் சுவாமிநாதன். மயிலாப்பூர்க்காரர், ஏதோ ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அனு மேடம் அவரைத் தூங்கும் அறையில் விட்டுவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டாள். அவர் கதவோரம் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிக்கொண்டு, "ம், ஆரம்பிங்கோ" என்றார்.

முத்துமாரி ஆரம்பித்தாள். மழை பெய்தது. சின்னப் பெண் கதவைத் தட்டினாள். சூனியக்காரி உட்காரச் சொன்னாள். அதுவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. அந்த இடத்தில் முத்துமாரி தெரியாத்தனமாக அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தொலைத்தாள். எல்லாம் துடைத்துப் போட்டாற்போல மறந்துவிட்டது. ரங்கனின் முகம் நினைவுக்கு வந்தது, அடுத்த வரி வரவில்லை.

"ஆர் யூ அலோன்?" என்றது ஜன்னலோரம், மெல்ல.

முத்துமாரி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "ஆர் யூ அலோன்?"

"நோ. மை சிஸ்டர் இஸ் வித் மீ."

"நோ. மை சிஸ்டர் இஸ் வித் மீ."

பிறகு நிற்கவே இல்லை. முதலில் ஜன்னல், பின்னாலேயே இவள். ஓரக்கண்ணால் பெரியவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை என்று தோன்றியதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாளைக்கே அங்காளம்மாக்கா பேரில் கோயிலில் ஒரு விளக்கு போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கதையின் கடைசியில், பொழுது விடிந்ததும், அந்த வீட்டில் இருப்பவள் சொல்லும் வாக்கியத்தை இரண்டு பேரும் கிட்டத்தட்டச் சேர்ந்தே சொன்னார்கள்.

"யூ மே கோ ஹோம் நவ். ஐ வில் ஸ்டே."

பெரியவர் பேனாவை மூடினார். எழுந்து ஆபீஸ் அறைக்கு நடந்தார். முத்துமாரி சிரித்த முகத்தோடு அவர் பின்னால் போனாள். வாசலில் நின்றிருந்த டில்லிபாபு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"எப்படி சார், எங்க முத்துமாரி தேறினாங்களா?" என்று கேட்டாள் அனு மேடம்.

"இவங்க பாதிலேர்ந்து ஒரே காப்பி மேடம், எத்தனை எக்ஸாம் ஹால்ல நின்னவன் நான், எனக்குத் தெரியாதா? ஜன்னலோரம் உக்காந்துண்டு ஒரு தப்பில்லாம சொன்னாங்களே இன்னொரு ஆயாம்மா, வேலையை அவங்களுக்கே கொடுத்துடுங்கோ."