வில் பார்க்கக் கூட வருபவர்

"கருவி ஆலோசகர்: உறுப்பினரின் உடல்வாகு, வலிமை, தேவை ஆகியவற்றை மட்டுமே கருத்தில் கொண்டு, அவருக்குப் பொருத்தமான வில்லைத் தேர்ந்தெடுக்கத் துணை நிற்பவர். பொறுமையானவர். தற்பெருமை அற்றவர். அளந்து பேசுபவர்."

வில்வித்தைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், கண்ணாடிக்குப் பின்னால், இப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் அவரேதான் என்பதால், கடைசி மூன்று வாக்கியங்களை மனதில் போட்டுக்கொண்டு நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

கூட வருபவர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பழைய கார் வாங்கப் போனால் டயரை உதைத்துப் பார்ப்பார். வாடகை வீடு பார்க்கப் போனால் சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் "ம்" என்பார். வாங்குவது நீங்கள், பிடுங்கல் வந்தால் மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள், வருஷக்கணக்கில் அந்தப் பொருளோடு குடித்தனம் நடத்தப் போவதும் நீங்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கதாநாயகன் அவர். உங்களுக்குக் கிடைப்பது பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் வேஷம்.

கார், வீடு எல்லாம் இந்த இனத்தில் சாதாரண ரகம். பழைய காம்பவுண்டு வில் பார்க்கக் கூட வருபவர்தான் முதல் தரம். ஏன் என்று கேட்பீர்கள். அந்த வில்லை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் உலோகப் பிடி, அதன் இரு பக்கமும் வளையும் பட்டைகள், போதாததற்கு நாணோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகள். முதல்முறை பார்ப்பவருக்கு இது வில்லா, பிரித்துப் போட்ட தையல் மெஷினா என்றே சந்தேகம் வரும். புரியாத பொருளைக் கண்டால் மனிதனுக்குப் பயம். பயம் இருக்கிற இடத்தில் கூட வருபவருக்கு வேலை இருக்கிறது.

நம்முடைய ஆலோசகருக்கு இதற்கென்று ஒரு தோல் பை உண்டு. அதில் பூதக்கண்ணாடி, பேனா டார்ச், வெள்ளைக் கையுறை, ஒரு டப்பி நிறையப் பஞ்சு. பஞ்சை எடுத்துப் பட்டையின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே போவார். எங்காவது சிலாம்பு இருந்தால் பஞ்சு மாட்டும்; விரிசலுக்கு அது அடையாளம். நல்ல வழிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பஞ்சு மாட்டாவிட்டால் அவர் முகத்தில் வரும் ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே! குறை இல்லாத வில்லைப் போல் அவரை அவமானப்படுத்துவது வேறெதுவும் இல்லை. குறை இல்லை என்றால் அவர் எதற்கு?

அவர் அம்பு விட்டதை நேரில் கண்ட உறுப்பினர் சங்கத்தில் இன்று யாரும் இல்லை. தோள்பட்டை வலி என்பார். தோள்பட்டை எப்போது வலிக்க ஆரம்பித்தது, அம்பு குறி தவற ஆரம்பித்த பிறகா அதற்கு முன்பா என்றெல்லாம் கேட்பது நாகரிகமாகாது.

இவரிடம் மாட்டியவர் வேதியியல் டீச்சர்.

டீச்சருக்கு இடது கை. இடது கைக்காரர்கள் நாணை இடது கையால் இழுப்பவர்கள். அவர்களுக்கு வில்லே கண்ணாடியில் பார்த்தது போல் மாற்றிச் செய்யப்பட்டிருக்க வேண்டும். சங்கத்தில் இருந்த ஒரே இடக்கை வில் பிள்ளைகள் பழகுவது. அதைக்கொண்டு போட்டிக்குப் போக முடியாது. அந்தப் பிள்ளை வில்லிலேயே டீச்சர் குறிப்பலகையின் நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டத்தை விட்டு அம்பை வெளியே அனுப்பாமல் பழகியிருந்தார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். சொந்த வில் வேண்டும். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. வகுப்பில் பீங்கான் கிண்ணத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போதுகூட டீச்சருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் நின்றது.

சரி, தானே போய் ஒன்றை வாங்கிக்கொள்வதுதானே? முடியாது. பழைய வில் எதுவானாலும் ஆலோசகர் நேரில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மைதானத்துக்குள் வரலாம் என்பது சங்கத்தின் விதி. பாதுகாப்புக்காகப் போட்டது. முன்மொழிந்தவர் யார் என்று என்னத்துக்குக் கேட்கிறீர்கள்?

முதலில் ஒரு வலக்கை வில்லைக் காட்ட அழைத்துப் போனார்.

"சார், எனக்கு இடது கை."

"அது ஒரு பழக்கம்தானே டீச்சர். மாத்திக்கலாம்."

"பிறந்ததுலேர்ந்து இருக்கிற பழக்கம் சார்."

"அதான் சொல்றேன். பழக்கம்."

பிறகு இன்னொரு வலக்கை வில். அதன் நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு வில் கவனத்தைச் சிதறடிக்கும் என்றார். அடுத்ததில் விற்பவரின் முகவெட்டு சரியில்லை. அதற்கடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. "இவ்ளோ சரியா இருக்கக் கூடாதே" என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். எல்லாமே வலக்கை வில், டீச்சருக்கு இவற்றில் எதுவும் உதவாது என்பது வேறு விஷயம். அதை அவர் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம்.

"தினமும் சாயங்காலம் அந்த மனுஷன்கூட ஊர் சுத்துறே" என்றார் டீச்சரின் கணவர், துணி மடித்துக்கொண்டே. "கல்யாணத்துக்கு முன்னாடி என்கூட இவ்ளோ சுத்தலையே நீ."

"உங்களைப் பார்த்து வாங்கவும் யாரையாவது கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"அவரைக் கூட்டிட்டு வந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். பஞ்சு மாட்டியிருக்கும்."

கடைசியில் டீச்சரே கண்டுபிடித்தார். பேக்கரி வைத்திருக்கும் ஒருவர், இடது கைக்காரர், தோளில் அறுவைச் சிகிச்சை ஆனபின் வில்லை விற்க நினைத்திருந்தார். ஊரில் இடக்கை வில் அது ஒன்றுதான் இருந்தது. அதிலும் பேக்கரிக்காரர் குள்ளம். அவருடைய கை நீளத்துக்கு ஏற்றபடி வைத்திருந்த இழுப்பு அப்படியே டீச்சருக்குப் பொருந்தியது. சட்டை தைத்து வைத்துவிட்டு ஆளைத் தேடியது மாதிரி.

பேக்கரிக்கு மேலே ஒரு சின்ன அறை. கீழே அடுப்பு எரிகிற சூடு தரையில் தெரிந்தது. ஒரு பக்கம் காலி மாவுச் சாக்குகள், இன்னொரு பக்கம் தட்டு அடுக்குகள், நடுவில் மேஜை மேல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார் பேக்கரிக்காரர். டீச்சர் வில்லைக் கையில் எடுத்தார். பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தது. பேக்கரிக்காரர் அவர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சர், இது உங்களுக்குத்தான்."

இந்த இடத்தில் ஆலோசகர் தொண்டையைச் செருமினார். சொல்ல வேண்டியதை வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அவசரப்படக் கூடாது" என்று வில்லை வாங்கிக்கொண்டார். கையுறை போட்டார். டார்ச் அடித்தார். முகர்ந்து பார்த்தார், எதற்கு என்று இதுவரை தெரியவில்லை. பஞ்சைத் தடவினார். மேல் பட்டையில் மாட்டவில்லை. கீழ்ப் பட்டையில் மாட்டவில்லை. திரும்பவும் தடவினார்.

"இதை யாராவது அம்பு வைக்காம இழுத்து விட்டிருக்காங்களா?"

இது நல்ல கேள்வி. அம்பு இருந்தால் வில்லின் வேகத்தை அம்பு வாங்கிக்கொண்டு போய்விடும். அம்பு இல்லாமல் நாணை விட்டால் அத்தனை வேகமும் வில்லுக்குள்ளேயே திரும்பும். வில் அதைத் தாங்காது. காம்பவுண்டு வில்லுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

"என் வீட்டுக்காரியைக்கூட இதைத் தொட விட்டதில்ல சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க" என்றார் ஆலோசகர், டீச்சரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி. பிறகு, வலக்கைக்காரரான அவர், இடக்கை வில்லை அதன் முறைப்படியே வலது கையில் பிடித்து, பழக்கமில்லாத இடது கையின் விரல்களால் நாணை இழுத்தார்.

"சார், எதுக்கு இழுக்கிறீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

"பார்க்கணும்ல? ... இழுப்பு குறைச்சலா இருக்கே!"

"எனக்குச் சரியா இருக்கு சார்" என்றார் டீச்சர்.

"எனக்குக் குறைச்சலா இருக்கு."

"விடப் போறது நான் சார்."

"இருங்க. கத்துக்குங்க. இதான் காம்பவுண்டோட அழகு." முழுக்க இழுத்த நிலையில் அவர் முகம் மலர்ந்தது. இந்த வகை வில்லில் இழுக்கும்போது இருக்கும் கனம், இழுத்து முடித்ததும் சட்டென்று குறைந்துவிடும். சக்கரங்களின் வேலை அது. "எவ்ளோ லேசா நிக்குது பாருங்க. ரெண்டே விரல். பார்த்தீங்களா? ரெண்டு விரல்ல நிக்குது. நான் நின்னு பேசிட்டே இருக்கலாம்."

பேசிக்கொண்டே இருந்தார். அது அவருக்குக் கைவந்த கலை.

"சார், மெதுவா இறக்குங்க. இறக்கும்போது கனம் திரும்ப வரும்" என்றார் பேக்கரிக்காரர், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

"தம்பி, இதை எனக்கா சொல்றீங்க?"

கனம் திரும்ப வந்தது. இரண்டு விரல் தாங்கவில்லை, நாண் நழுவியது.

தட்டு அடுக்கு சரிந்தது போல ஒரு சத்தம். கயிறு சக்கரத்தை விட்டுக் கழன்று தொங்கியது. மேல் பட்டை நீளவாக்கில் பிளந்து, ஒரு சிம்பு மாவுச் சாக்கில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. ஆலோசகருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இந்த இனத்தின் உடல் அமைப்பு அப்படி. அடி எப்போதும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் விழும்.

கீழே யாரோ ரொட்டி கேட்டுக் குரல் கொடுத்தார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் ஆலோசகர். குரலில் நடுக்கம் இருந்தது என்று நினைத்தால் நீங்கள் அவரை இன்னும் புரிந்துகொள்ளவில்லை, அது நிறைவு. "நான் சொல்லலை? உள்ளே ஏதோ இருந்திருக்கு."

"இத்தனை வருஷம் என்கிட்ட உடையலையே சார்" என்றார் பேக்கரிக்காரர்.

"அதான் ஆபத்து. வெளியே தெரியாது. டீச்சர், நல்லவேளை, நீங்க வாங்கலை. உங்க கையில உடைஞ்சிருந்தா முகம் போயிருக்கும். தெய்வாதீனமா நான் கூட வந்தேன்."

டீச்சர் சாக்கில் குத்தி நின்ற சிம்பைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தார்.

"புதுப் பட்டை போட முடியுமாங்க?" என்று பேக்கரிக்காரரிடம் கேட்டார்.

"இந்த வில்லுக்குன்னே வரவழைக்கணும் டீச்சர். இந்த மாசத்துக்குள்ள வராது." பிறகு ஆலோசகர் பக்கம் திரும்பினார். "சார், வில்லு போகட்டும். கை நழுவிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்."

"கை நழுவுற மாதிரி ஒரு வில்லை வெச்சிருக்கீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார் ஆலோசகர். போகும்போது உடைந்த பட்டையை ஆய்வுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி, தோல் பையில் போட்டுக்கொண்டார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டில் இருந்தார். கணவர் அன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. கல்யாணமாகி அவர் காட்டிய பெரிய மரியாதை அதுதான்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஆலோசகரின் சிறப்புரை. தலைப்பு: பழைய வில் வாங்குவோர் கவனத்திற்கு. பிளந்த பட்டையை வெள்ளைத் துணியில் வைத்து வரிசை வரிசையாகச் சுற்றிவரச் செய்தார். பட்டை இப்படிப் பிளந்தது யாரோ அம்பில்லாமல் நாணை விட்டதால்தான் என்றார். முந்தைய உரிமையாளரின் அலட்சியம் எங்கே கொண்டுபோய்விடும் என்று விளக்கினார். ஒரு சக உறுப்பினரைக் காப்பாற்ற நேர்ந்ததைத் தன்னடக்கத்தோடு மூன்று முறை குறிப்பிட்டார். கைதட்டல் ஓய்ந்ததும் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுந்தார்.

"சார், இதை அம்பில்லாம விட்டது யாருன்னு தெரியுமா?"

ஆலோசகர் பெருமூச்சு விட்டார். "அதையெல்லாம் யார் ஒத்துக்குவாங்க?"

"சார்தான் விட்டார்" என்றார் டீச்சர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நான் பக்கத்துல நின்னேன். ரெண்டு விரல்ல பிடிச்சிட்டுப் பேசிட்டிருந்தார்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைவர் தண்ணீர் குடித்தார். தனிப்பட்ட மனத்தாங்கல்களைக் கூட்டத்தில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆலோசகர் கோபப்படவில்லை, எல்லாவற்றையும் பொறுத்துப்போகிறவரின் முகத்தை வைத்துக்கொண்டார்.

"டீச்சர் வருத்தத்துல பேசறாங்க. பரவாயில்ல. அடுத்த வருஷத்துக்கு வேற வில்லு பார்த்துக்கலாம் டீச்சர். நானே கூட வர்றேன்."

இதற்கும் கைதட்டினார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் மச்சான் பழைய ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது கூடப் போனது யார்? கதவை நாலு தடவை திறந்து அறைந்து மூடியது? "கம்ப்ரஸர் சத்தம் சரியில்லை" என்று, ஃபிரிட்ஜைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை விற்பவர் முகத்துக்கு நேரே சொன்னது? மச்சான் பிறகு உங்களிடம் அதைப் பற்றிப் பேசாததற்கு வேறு காரணம் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

ஆலோசகரைப் பொறுத்தவரை, பலகையில் எழுதியது இன்னும் இருக்கிறது. இப்போது கீழே 'உயிர் காத்தவர்' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. அவர் செய்தது இவ்வளவுதான்: டீச்சருக்குப் பொருந்திய ஒரே வில்லை, அம்பு வைக்காமல் இழுத்து, கை நழுவ விட்டு உடைத்தார்.