போடிமெட்டிலிருந்து இறக்கப்பட்ட மாப்பிள்ளை

அடுத்தவர் உடம்பைப் பற்றி அளவுக்கு மீறி அக்கறைப்படுவதும் ஒரு நோய்தான். எனக்கு அது இருபத்தாறு வயதில் நன்றாக முற்றிப்போயிருந்தது.

அப்போது நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் டிரில் வாத்தியார். தை மாதம் கல்யாணம். மே மாத விடுமுறைக்கு மனைவி தனத்தின் ஊரான சிலமலைக்குப் போயிருந்தேன். எண்பத்தொன்றாம் வருடம் என்று நினைவு. மாரியம்மன் திருவிழா நேரம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள் ஒரு எட்டுப் பேர். பிள்ளைகள் ராட்டினம் சுற்றினார்கள், கலர் கலராக ஐஸ் தின்றார்கள், கிணற்றில் குதித்தார்கள். எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போன இரண்டாம் நாளே விசில் ஊதி எல்லோரையும் வாசலில் வரிசையாக நிற்கவைத்தேன். (மாமனார் வீட்டு விருந்துக்கு விசிலோடு போன மாப்பிள்ளை அந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) ஐஸ் கூடாது, கொதிக்கவைக்காத தண்ணீர் கூடாது, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கிணற்றில் இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். கடைசிச் சட்டம் மட்டும் நல்ல சட்டம். அது அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

மாமியார் என்னிடம் நேரடியாகப் பேசமாட்டார். அது அவர் மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் தனம் அதை ஒருமுறை திருப்பிச் சொல்வாள்.

திருவிழா முடிந்த மறுநாள் போடிமெட்டுப் பயணம். ஜீப்பில் மேலே போய், பழைய ஒற்றையடிப் பாதையில் ஏலத்தோட்டங்களைப் பார்த்தபடி அடிவாரத்து முந்தல் வரை நடந்து இறங்குவது என்று திட்டம். ஜீப் ரோட்டு வழியாக வந்து முந்தலில் காத்திருக்கும். தனம், மாமியார், கல்லூரியில் படித்த மைத்துனன் பாண்டி, எட்டுப் பிள்ளைகள், நான்.

போடிமெட்டில் குளிரும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பச்சை நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தேன். சட்டைக்கு மேல் போட்டால் குண்டாகத் தெரிகிறேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியன்மீதே போட்டுக்கொண்டேன். அந்தப் பனியனில் முதுகுப்பக்கம் இரண்டு பெரிய ஓட்டைகள்.

"மேலதாங்க குளிரும். எறங்க எறங்க அடுப்புக்குள்ள போற மாதிரி இருக்கும்" என்றாள் தனம்.

"வேர்வை வெளிய போனாத்தான் உடம்புக்கு நல்லது" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வெயிலுக்கு முன்ன வெரசா எறங்கிரணும்னு சொல்லு. தூக்குவாளி நெறைய மோரு கொண்டாறேன்னும் சொல்லு."

"மோருல ஊத்துன தண்ணி கொதிக்க வச்சதான்னு கேளு" என்றேன் நான்.

கதவுக்குப் பின்னால் தூக்குவாளி மூடியை ஓங்கி அடித்து மூடும் சத்தம் கேட்டது.

எனக்கான தண்ணீரை நானே அரை மணி நேரம் கொதிக்கவைத்து, பிளாஸ்கில் ஊற்றி இறுக மூடிக்கொண்டேன். கொதிக்கிற தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றினால் சாயங்காலம் வரை கொதிநீராகவே இருக்கும் என்பது ஒரு வாத்தியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எட்டு மணிக்கெல்லாம் போடிமெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். உடனே இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி கொடுத்து, அதன்பிறகு மலைப்பாதையில் பத்திரமாக நடப்பது எப்படி என்று பிரசங்கமும் செய்தேன். கிளம்பும்போது மணி பத்தரை.

பாதி தூரம் வரை தோட்ட நிழல் இருந்தது. அதற்குக் கீழே மொட்டைப் பாறையும் காய்ந்த புல்லும்தான். ஒரு ஊற்றைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிப்போய் முகம் கழுவி வயிறு முட்டக் குடித்தார்கள். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். நான் விசில் ஊதினேன். யாரும் திரும்பவில்லை. பிறகு மாமியாரின் மோரை வாங்கி வாங்கிக் குடித்தார்கள். நான் பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன்.

"மச்சான், அந்த ஸ்வெட்டரையாவது கழத்துங்க. மொகம் செவந்துபோச்சு" என்றான் பாண்டி.

எப்படிக் கழற்றுவது? பின்னால் மாமியார் வருகிறார். முதுகில் இரண்டு ஓட்டைகள். "பழக்கம்தான்" என்றேன்.

அடுத்த வளைவில் மலை ஒருமுறை சுற்றியது. வியர்வை நின்றுபோய் உடம்பு காந்தியது. பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று விசிலை வாயில் வைத்தேன். ஊதினேனா என்று தெரியாது.

கண் விழித்தபோது ஒரு பாறை நிழலில் கிடந்தேன். ஸ்வெட்டர் உடம்பில் இல்லை. பனியன் நனைந்திருந்தது. பாண்டி ஈரத் துண்டால் கழுத்தையும் அக்குளையும் துடைத்துக்கொண்டிருந்தான். மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டே என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வாயத் தொறங்க" என்றார்.

அவர் என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அது. திறந்தேன். உப்புப் போட்ட மோரை மடக்கு மடக்காகக் கொடுத்தார். தண்ணீர் கொதிக்கவைத்ததா என்று நான் கேட்கவில்லை. தனம் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதைக் கேட்டதும்தான் எனக்கே பயம் வந்தது.

எழுந்தால் கால் நிற்கவில்லை. தோட்டத்தில் களை எடுத்துவிட்டு இறங்கிய நான்கு ஆட்கள், ஒரு போர்வையைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி என்னை அதில் கிடத்தினார்கள். "சாரமில்லா, ஒண்ணும் ஆவாது" என்றார் கேரள எல்லைப் பக்கத்து ஆள் ஒருவர். வெயில் படாமலிருக்க, பாண்டி என் முகத்தின்மேல் ஈரத் துண்டைப் போட்டான்.

இங்கேதான் தப்பு நடந்தது. முந்தலில் சிலமலைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்திருக்கிறார். நாலு பேர் தோளில் ஒரு உருவம், முகத்தில் துணி, பின்னால் கண்ணைத் துடைத்தபடி தனம். மனிதர் இறங்கி, தலைத்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கி, வழிவிட்டு நின்றார். துக்கத்தில் இருப்பவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்ற நாகரிகம் தெரிந்தவர். எதுவும் கேட்காமல் ஊரைப் பார்த்து மிதித்துவிட்டார்.

ஜீப்பில் என்னை நேரே போடிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, மூன்று மணி நேரம் படுக்கவைத்து, "மே மாசத்துல யாருய்யா ஸ்வெட்டர் போடுவா?" என்று மட்டும் கேட்டார். மாலையில் சிலமலைக்குத் திரும்பினோம்.

வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒப்பாரி. அன்று காலையில்தான் தன் ஊரான தேவாரத்துக்குத் திரும்பிப் போயிருந்த தனத்தின் பெரியம்மா, சேதி கேட்டு அடுத்த பஸ்சிலேயே வந்து தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தார்.

"வெந்நி வெந்நின்னு கேட்டீகளே, வெந்நிகூடக் குடிக்காமப் போனீகளே... அதிர்ந்து ஒரு வார்த்த பேசாத மருமகனாச்சே..."

பிள்ளைகள் எட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் ஓட்டைப் பனியனோடு ஜீப்பிலிருந்து இறங்கி வாசலில் நின்றேன். வந்திருக்கும் உறவினர்களை வரவேற்க வேண்டுமே என்று, "வாங்க" என்றேன்.

பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் துள்ளி எழுந்தார்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்ததும் பெஞ்சு கவிழ்ந்து இரண்டு பேர் விழுந்தார்கள். பெரியம்மா அழுகையைப் பாதி வரியில் நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்து, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டார். மாமனார் மட்டும் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது.

"சாப்டீகளா மாப்ளே?" என்றார். அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாற்பது வருடம் ஓடிவிட்டது. மாமியார் கடைசி வரை என்னிடம் முகம் பார்த்துத்தான் பேசினார், பெரும்பாலும் திட்டத்தான். தேவாரத்துப் பெரியம்மா தொண்ணூறைத் தாண்டிவிட்டார். எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, நாலு பேர் காதில் விழும்படி சொல்வார்:

"ஒங்களுக்கு அழ வேண்டியத நான் அன்னைக்கே அழுது முடிச்சிட்டேன் மருமகனே. இனி ஒரு சொட்டுக் கண்ணீர் கெடையாது. பாத்துச் சூதானமா இருந்துக்கங்க."