பக்கக்கதையாரும் படகுக்காரியும்

பக்கக்கதையார் என்றைக்காவது ஓர் இடத்துக்கு நேர் வழியில் போய், நேர் வழியில் திரும்பி வந்திருந்தால், அன்று அவருக்குக் காய்ச்சலாக இருந்திருக்க வேண்டும். கண்டி மாநகரத்தில் அவர் சுற்றாத சுற்றுவழி கிடையாது.

ஹந்தானை மலைக்கு ஏறுகிற வீதியில், பாக்கியம் அக்கா வீட்டு மேல்மாடியில், நானும் அவரும் அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். நான் புசல்லாவைக்காரன், டவுனில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், அரசாங்க நில அளவையாளர், நாற்பது தாண்டியும் கல்யாணம் கட்டாதவர். அவருடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் இருந்தது. வீட்டில் அதற்கு வேலை இருக்கவில்லை.

பக்கக்கதையார் என்ற பட்டம் வந்த காரணம், அவர் டிவியில் மாட்டி விளையாடிய ஒரு வீடியோ கேம், கதை விளையாட்டு. ஒரு போர்வீரனாக நாமே மாறி, பழைய ராஜ்ஜியம் ஒன்றில் நடந்து திரிய வேண்டும். பெரிய கதை, ராஜ்ஜியத்தைக் காப்பாற்றுவது. வழியில் ஒரு கிழவர் ஆட்டைக் காணவில்லை என்பார், ஒரு பெண் கிணற்றில் வாளி விழுந்துவிட்டது என்பாள். அவையெல்லாம் பக்கக்கதைகள். செய்தாலும் சரி, விட்டாலும் சரி. நாங்களெல்லாம் ஆட்டை விட்டுவிட்டு ராஜ்ஜியத்தைப் பிடிக்க ஓடினோம். எதிரிப்படை கோட்டை வாசலில் நிற்க, இவர் ஆடு தேடிக்கொண்டிருந்தார். ஆட்டைக் கொடுத்த பிறகு, "வேற ஏதும் வேணுமோ ஐயா?" என்று டிவியில் தெரிந்த கிழவரிடம் வாய்விட்டுக் கேட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வாழ்க்கையிலும் அதே கதைதான். ஒரு பின்னேரம் பாண் வாங்கிவரப் போனார். வழியில் ஒரு அம்மா கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நின்றிருக்கிறார். இவர் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். போன வீட்டில் பைப் ஒழுகியிருக்கிறது. அதைச் சரி பண்ணும்போது பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு டிவி அன்டெனாவையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பேக்கரி பூட்டிய பிறகு, சட்டை முழுக்கச் சேறும் தோளில் ஒரு பலாக்காயுமாக வந்து சேர்ந்தார். பாண் எங்கே அண்ணே என்று கேட்டேன்.

"அது பெரிய கதையெல்லோ தம்பி. கடைசியிலைதான் வரும்" என்றார்.

அன்றைக்கு நாங்கள் பலாக்காய் அவித்துச் சாப்பிட்டோம்.

பிலிமத்தலாவையில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஃபலீல், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வருவான். மூன்று பேரும் அந்த விளையாட்டை முடித்து மாதக்கணக்கான பிறகு, அதற்கு ஒரு கதை விரிவாக்கம் வந்தது. அதாவது, முடிந்த கதையோடு தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்கிற புதுக் கதை. முதல் கதையின் தொடக்கத்தில் போர்வீரனை ஆற்றைக் கடத்திவிட்டுக் காணாமல் போகிற ஒரு படகுக்காரி உண்டு. வீரன் ராஜாவாகி விடுவான், அவளை யாரும் நினைக்க மாட்டார்கள். விரிவாக்கம் அவளுடைய கதை.

வாங்கலாமா, வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. சின்னக் கதையாம், அதே பழைய பூதங்களாம், முடிவு சோகமாம், நெட்டில் எல்லாரும் திட்டுகிறார்களாம் என்றான் ஃபலீல். முடிந்த கதைக்கு வால் எதற்கு என்பது என் கட்சி. பக்கக்கதையார் பொறுமையாகக் கேட்டார்.

"முடிச்சுப் பாக்காமல் ஒரு கதைக்குத் தீர்ப்புச் சொல்லப்படாது. நான் முடிச்சுப்போட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கக்கூடாது."

அவர் ஒன்றைச் செய்வதென்று தீர்மானித்துவிட்டால், மலையே சரிந்து வந்தாலும் அளவுச் சங்கிலியோடு நின்று அதையும் அளந்துவிட்டுத்தான் நகர்வார். எங்கள் வீட்டு இன்டர்நெட் தவழ்கிற வேகத்தில் அதை இறக்கிக்கொள்ளவே ஒரு வாரம் போனது. இரண்டு தடவை கரண்ட் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவர் முகம் கோணவில்லை.

விளையாட்டு தொடங்கிய மூன்றாவது பின்னேரம் பாக்கியம் அக்கா மாடியேறி வந்தார். புருஷன் இறந்த பிறகு புடவைக்கடையைத் தனியாக நடத்துகிறவர், சிரிப்பை எண்ணிச் செலவழிப்பவர். மாடியில் என்ன யுத்தமா நடக்கிறது, கீழே சீரியலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார். பக்கக்கதையார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டு, சத்தத்தைக் குறைத்தார். அந்த நேரம் பார்த்து டிவியில் படகுக்காரி திரும்பினாள்.

"யாரு சார் இந்தப் புள்ள?"

அவ்வளவுதான். சொல்லத் தொடங்கினார். அக்கா முதலில் வாசலில் நின்று கேட்டார். பிறகு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மறுநாள் இஞ்சித் தேத்தண்ணியோடு வந்து, முழுக் கதிரையிலும் உட்கார்ந்தார். சீரியல் அந்த வாரமே கைவிடப்பட்டது.

விளையாட்டில் பேச்செல்லாம் இங்கிலீஷ். அக்காவுக்காக அவர் ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிச் சொன்னார். கிழவருக்கு ஒரு குரல், தளபதிக்கு ஒரு குரல், படகுக்காரிக்கு மட்டும் குரலை மாற்றாமல் மெதுவாக. சில நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். படகுக்காரி டிவியில் "ஆறு ஏறுகிறது" என்று மட்டும் சொல்வாள். இவர் சொல்வார்: "ஆத்திலை தண்ணி ஏறுது எண்டு சொல்லுறா அக்கா. தகப்பன் போனதும் இப்பிடி ஒரு வெள்ளத்திலைதானாம். எண்டாலும் அக்கரையிலை ஆக்கள் நிண்டால் போகாமல் இருக்கேலாதாம்." நான் அவரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார். எனக்கும் அந்தத் தகப்பனைப் பிடித்திருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

முடிவுக்கு வந்த ஞாயிறன்று ஃபலீலும் இருந்தான். ராஜாவாகிவிட்ட வீரன், கிரீடத்தைத் திருடியவனைத் துரத்தி ஆற்றங்கரைக்கு வருகிறான். வெள்ளம். படகுக்காரி அவனை அக்கரை சேர்க்கிறாள், திரும்பிப் போகையில் படகு கவிழ்கிறது. கிரீடம் கிடைத்துவிட்டது. ஆற்றில் வெறும் துடுப்பு மிதந்து போகிறது. பக்கக்கதையார் அன்றைக்கு எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அக்கா எழுந்து தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டார்.

"ஆத்தக் கடத்தி விட்டவளுக்கு இதுதானா சார்?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்.

நெட்டில் சொன்னது சரிதான், வீண் என்றான் ஃபலீல். சரி அண்ணே, தீர்ப்பைச் சொல்லுங்கள் என்றேன். அவர் கொன்ட்ரோலரைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

"இன்னும் முடியேல்லை" என்றார்.

வேறு முடிவு கிடையாது, எல்லாரும் தேடிப் பார்த்தாயிற்று என்று ஃபலீல் போனைத் திறந்து காட்டினான். இவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. விரிவாக்கத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவார், ஆற்றங்கரைக்குப் போவார். பாலம் கட்ட ஆள் தேடினார். படகுக்காரியை வழிமறித்து நின்றார். வெள்ளம் வடியும் வரை காத்திருந்தார், அது வடியவில்லை. தானே நீந்திப் பார்த்து மூழ்கிப் போனார், பலமுறை. ஒவ்வொரு தடவையும் துடுப்பு மிதந்து போனது. ஒவ்வொரு தடவையும் "சரி, இந்த வழி இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார். அக்கா மேலே வரவேயில்லை. தேத்தண்ணியும் நின்றுபோனது.

பிறகு ஒரு சனிக்கிழமை, வெளியே நல்ல மழை, என்னைக் கூப்பிட்டு அக்காவை அழைத்துவரச் சொன்னார். கீழே போய்ச் சொன்னேன். அக்கா கடைக் கணக்கைக் கடைசி வரி வரை பார்த்து முடித்துவிட்டுத்தான் வந்தார்.

டிவியில் வீரன் ஆற்றங்கரையில் நின்றான். திருடன் அக்கரையில் கிரீடத்தோடு நின்றான். படகுக்காரி துடுப்பை எடுத்தாள். பக்கக்கதையார் வீரனைத் திருப்பி, படகில் ஏறாமல் நடத்தினார். ஆற்றை விட்டு, கோட்டையை விட்டு, வந்த வழியே. திருடன் காட்டுக்குள் மறைந்தான். கிரீடம் போயிற்று. கரையில் ஏற்றிப்போக ஆளில்லாததால் படகுக்காரி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு துடுப்பை வைத்துவிட்டு, படகை மரத்தில் கட்டிவிட்டு, குடிசைக்குள் போய் விளக்கேற்றினாள்.

கறுப்புத் திரையில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் வந்தது: பணி தோல்வி.

"என்னா சார் போட்டிருக்கு?" என்றார் அக்கா.

பக்கக்கதையார் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "பிள்ளை தப்பிட்டா எண்டு போட்டிருக்கு அக்கா" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். ராஜ்ஜியம் என்ன ஆகும் என்று கேட்டார். போனால் போகட்டும், அது பெரிய கதை, அதைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் இவர். அக்கா சிரித்தார். செலவழித்ததற்கு நானே சாட்சி. அன்று எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணியோடு முறுக்கும் வந்தது.

அடுத்த நாள் ஃபலீல் கேட்டபோது தீர்ப்புக் கிடைத்தது. வாங்கலாம், ஆனால் ஆறுதலாக விளையாட வேண்டும், அவசரக்காரனுக்கு அது சரிவராது என்றார்.

அந்த வருஷக் கடைசியில் அவருக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நேரத்தோடு புறப்பட்டவர், வழியில் யாருடைய மூட்டையையோ தூக்கப் போய் முதல் பஸ்ஸைத் தவறவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

ஃபலீல் அவர் சொல்லை நம்பி விரிவாக்கத்தை வாங்கினான். இரண்டே பின்னேரத்தில் முடித்துவிட்டு, கோபத்தோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். "அந்தப் புள்ளட வாப்பா எங்க? வெள்ளத்துல மௌத்தாப் போனார் எண்டு அண்ணன் செல்லித் தந்தாரே, அப்பிடி ஒரு ஆளே இதுல இல்லையே." அவனை உட்காரவைத்து ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு நானும் வாங்கி விளையாடினேன். ஃபலீல் சொன்னது உண்மை. கதை சின்னது, பூதங்கள் பழையவை, படகுக்காரி நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வாங்கத் தகுமா என்று அலுவலகத்துப் பையன்கள் கேட்கிறபோது, ஆறுதலாக விளையாடுவதாயிருந்தால் வாங்குங்கள் என்கிறேன். நான் விளையாடும்போது, அவள் வாயைத் திறந்ததும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். இந்த இடத்தில் அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்க்கிறேன்.