நாலாம் நம்பர் வீட்டின் இருபத்தோரு குடம்

நாலாம் நம்பர் வீட்டு வாசலில், ஆபீஸ் போகிற பேண்ட் சட்டையோடு ராகவேந்திரன் குப்புறப் படுத்திருந்தார். கையில் ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல். அதைக் கதவுக்கு அடியில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. ஜைதூன் பீ அடுப்பை அணைத்துவிட்டு வாசல் பக்கம் வந்தால் மானம் போய்விடும்.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவரே உள்ளே தள்ளிய காகிதம்தான். அதை வெளியே எடுக்காவிட்டால் நியூசிலாந்து கிடையாது.

விசாவுக்கு இங்கிலீஷ் பரீட்சையில் ஆறு வாங்க வேண்டும். போன தடவை ஐந்துதான் வந்தது. ஒரு அட்டவணையைக் கொடுத்து, அதில் இருப்பதை நூற்றைம்பது வார்த்தையில் எழுதச் சொன்னார்கள். மனுஷர் தலைப்பைப் படிக்கவில்லை. ஏற்றுமதியை இறக்குமதி என்று எண்ணிக்கொண்டு ஜோராக எழுதிவிட்டு வந்தார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால், டிசம்பரில் நாற்பத்தைந்து முடிந்து வயசுக்கான பாயிண்டும் போய்விடும். பரீட்சை சனிக்கிழமை. இன்று புதன்.

ஜைதூன் பீயின் மகள் நஸ்ருன்னிசா காலேஜில் இங்கிலீஷ் லெக்சரர். தினமும் சாயந்திரம் இவருக்குச் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறாள். கண்ணில் படுகிற அட்டவணையை எல்லாம் எழுதிப் பழகுங்கள் என்பாள். எல்லா எண்ணையும் ஒப்பிக்காதீர்கள், எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிடுங்கள், அதற்கெல்லாம் முன்னால் அது எதைப் பற்றிய அட்டவணை என்று பாருங்கள் என்பாள். தெரியும் மேடம், தெரியும் மேடம் என்பார் இவர். காலையில் எழுதிக் கதவடியில் தள்ளினால் சாயந்திரம் திருத்தி வைத்திருப்பாள்.

பஸ் டைம்டேபிள், ரேஷன் கார்டு எல்லாம் தீர்ந்துபோய், இன்று மோட்டார் ரூம் கதவில் வாட்ச்மேன் கோதண்டபாணி ஒட்டியிருந்த காகிதத்தைப் பிடித்தார். ஆறு வீட்டு நம்பர், ஏழு கிழமை, கட்டம் கட்டமாக எண்கள். தலைப்பு இல்லை. தலைப்பு எதற்கு? அந்தக் கோடையில் ராஜா அண்ணாமலைபுரத்தில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீரை மாடிக்குத் தூக்கிக் கொடுப்பவர் கோதண்டபாணி. வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் என்பது பில்டிங் சட்டம். வேறு எதை எழுதப்போகிறார்?

வாரத்தில் அதிகத் தண்ணீர் எடுத்தது நாலாம் நம்பர், இருபத்தோரு குடம். அதற்கு மாறாக இரண்டாம் நம்பர் எடுத்தது ஒரே ஒரு குடம் என்று இங்கிலீஷில் அழகாக ஒப்பிட்டிருந்தார். இரண்டாம் நம்பர் அவர் வீடு. தன் குடத்தைத் தானே தூக்குகிறவர் என்ற பெருமை வேறு. காகிதத்தைத் தள்ளிவிட்டு நாலு படி இறங்கிய பிறகுதான், நாலாம் நம்பர் யார் வீடு என்பது மண்டையில் உறைத்தது.

ஒருவழியாகக் காகிதம் ஸ்கேலில் மாட்டி வெளியே வந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால், எதிரே ஆறாம் நம்பர் வேதாந்தம். பில்டிங் செக்ரட்டரி.

"என்ன ஓய், தரையில படுத்துண்டு என்ன பண்றேள்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் காகிதத்தை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தார். "இருபத்தோரு குடமா? அவா ஆத்துல ரெண்டு பேர்தானே?"

இது சும்மா பழகுவதற்கு எழுதியது என்று ராகவேந்திரன் கெஞ்சிப் பார்த்தார். வேதாந்தம் காதில் வாங்கவில்லை. சாயந்திரம் அந்தக் காகிதம் நோட்டீஸ் போர்டில் தொங்கியது. கீழே வேதாந்தத்தின் கைப்பட தமிழ் மொழிபெயர்ப்பு.

அத்தோடு சும்மா இருங்கோ என்றாள் மனைவி ஹம்சா. சும்மா இருந்தால் அவர் ராகவேந்திரனா? வியாழக்கிழமை காலை யாருக்கும் தெரியாமல் போர்டுக்குப் போய், இருப்பினும் வெள்ளிக்கிழமையன்று நாலாம் நம்பர் இரண்டே குடம்தான் எடுத்தது என்று ஒரு வரி சேர்த்தார். நல்லது செய்வதாக நினைப்பு. ஒரு மணி நேரத்தில் மூன்றாம் நம்பர் நீரஜா அதைப் படித்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை லாரியே வரவில்லையே, அந்த இரண்டு குடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மத்தியானத்துக்குள், நாலாம் நம்பர் கீழே இருக்கிற சம்ப் தொட்டியிலிருந்து திருடுகிறது என்று பில்டிங் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

பதறிப்போய்க் காகிதத்தையே கிழித்து எடுத்தார். தடயத்தை அழிக்கிறார்கள் என்று வேதாந்தம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் மீட்டிங் போட்டார். விசாரிக்கலாமென்றால் கோதண்டபாணி பில்டிங்கில் இல்லை. மகள் பிரசவம் என்று புதன்கிழமை விடிகாலையே வியாசர்பாடிக்குப் போயிருந்தார்; போனையும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் நஸ்ருன்னிசா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அவள் கோபித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ராகவேந்திரனுக்கு.

"அந்த டேபிள் எதைப் பத்தினதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா சார்?"

மோட்டார் ரூம் கதவில் இருந்ததே மேடம் என்று இழுத்தார்.

"அதைத் தெரிஞ்சிக்கிட்டு வாங்க. மீதி கிளாஸ் எடுக்கறேன். அதுவரைக்கும் இல்ல."

இரண்டு நாள் வகுப்பு பாக்கி. அட்டவணைப் பாடமே அதில்தான். ராகவேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சை பயம் பாதி, வெட்கம் பாதி. ஒரு நல்ல மனுஷியைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்று ஹம்சாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

வெள்ளிக்கிழமை கார் ஷெட்டில் எல்லோரும் கூடினார்கள். ஒரு ஓரமாக நஸ்ருன்னிசா, பக்கத்தில் ஜைதூன் பீ. கிழவி யாரையும் பார்க்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். நாலாம் நம்பருக்கு இனி ஒரு நாளைக்கு ஒரு குடம்தான் என்று வேதாந்தம் தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தார். ராகவேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரீட்சைக்கு இன்னும் பதினைந்து மணி நேரம்.

கேட் திறந்தது. பையோடு கோதண்டபாணி. பேரன் பிறந்திருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தவரை வேதாந்தம் மடக்கினார். நாலாம் நம்பருக்கு இருபத்தோரு குடம் தூக்கச் சொன்னது யார்?

"கொடமா?" கோதண்டபாணி மோட்டார் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அய்ய, அது தண்ணி இல்ல சார். உனுக்குச் சக்கர கீது, ஒரு வாரத்துக்கு எத்தினி டீ குடிக்கிறன்னு எழுதிக்கினு வான்னு டாக்டரு சொன்னாரு. அதான், எனுக்கு எந்த வூட்ல எத்தினி டீ குட்த்தாங்கன்னு எழுதி ஒட்டிக்கினேன்."

வேதாந்தம் தீர்மானத்தை நாலாக மடித்தார்.

நஸ்ருன்னிசா ராகவேந்திரன் பக்கம் திரும்பினாள். "சரி, கிளாஸை ஆரம்பிக்கலாம் சார். அதிகம் எதுன்னு பார்த்தாச்சு. குறைவு எது?"

ராகவேந்திரன் தரையைப் பார்த்தார். பாவம், அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று கோதண்டபாணியே எடுத்துக்கொடுத்தார்.

"ரெண்டாம் நம்பரு மேடம், ஒண்ணே ஒண்ணு. அதுவும் சாரு ஆபீஸ் வேலையா திருச்சி போயிருந்த அன்னிக்கு, அம்மா குட்த்தது."