கெர்ட்ரூட் அம்மாள் கேட்ட மீன்

யூஜின் ஐந்தரைக்கு எழுந்தான். கிணற்றில் இரண்டு வாளி இறைத்தான். கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் பிளேடைத் தீட்டி முகம் மழித்தான். ஒரே பிளேடு, எட்டு மாதமாக. அவித்த மரவள்ளிக்கிழங்கு தின்றான். கருக்கிய சோளத்தைப் பொடித்துப் போட்ட வெந்நீரைக் காபி என்று குடித்தான். சட்டையை மாட்டினான்.

அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"தவக்காலம் பொறந்தாச்சு. இந்த வீட்டுல மீன் வாசம் அடிச்சு எத்தன மாசமாச்சு!"

சுவரிடம் சொன்னார். கெர்ட்ரூட் அம்மாள் கான்வென்ட்டில் படித்தவர்தான். ஆனாலும் மருமகனிடம் நேரே பேசமாட்டார். அவர் குடும்பத்து மரியாதை அது. கல்யாணமாகி மூன்று வருஷமாக அவர் சொன்னதெல்லாம் சுவர், சேவல், அவன் மனைவி டோரிஸ் வழியாகத்தான் வந்துசேர்ந்தது. யூஜின் சாப்பிட்டுப் போன பிறகுதான் தட்டில் கை வைப்பார். அவர் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை.

"பிடிக்கிற மீனெல்லாம் ஜப்பான்காரன் லாரியில ஏறுது," என்றாள் டோரிஸ்.

"நானா ஏத்துறேன்?" என்றான் யூஜின்.

"வடக்க, மலை கடல்ல எறங்குற எடத்துக்குப் போனா நாமளே பிடிக்கலாம்," என்று அடுப்படி சேவலிடம் சொன்னது. "போற ஆளு இருக்கணும்."

நேற்று திங்கட்கிழமை. ஜப்பான் அதிகாரி வீட்டில் நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துவிட்டு வந்த மாமியாரின் அலுப்பு இது என்று எண்ணிக்கொண்டு யூஜின் புறப்பட்டான்.

அலுவலகத்தில் ஜப்பான் கொடிக்குக் குனிந்து வணங்கினான். மேசையில் அதிகாரி வீட்டிலிருந்து வந்த பட்டியல் இருந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆட்கள். வெள்ளிக்கிழமை லாரி. நல்ல கையெழுத்தில் மூன்று படி எழுத வேண்டும். எழுதினான். மூன்றாவது படியில்தான் கவனித்தான். பதினான்காவது பெயர் அவனுடையது. அதிகாரிக்கு அவன் வெறும் குமாஸ்தா, பெயர் தெரியாது. முதல் இரண்டு படியிலும் அதை அழகாகவே எழுதியிருந்தான்.

முன்பு போனவர்களில் ஒருவர்கூடக் கடிதம் போடவில்லை.

டோரிஸுக்கு ஐந்தாம் மாதம். சொன்னால் பயந்துவிடுவாள். சொல்லாமல் எப்படிப் போவது? அப்போதுதான் மீன் ஞாபகம் வந்தது. முதல் தடவையாக மாமியாருக்கு மனசுக்குள் நன்றி சொன்னான்.

பயண பாஸ் எழுதும் மூர்த்தியிடம் போனான். அவர் பேச்சில் பாதி மலாய் கலந்திருக்கும்.

"மூணு நாள் மீன் பிடிக்கப் போறேன்."

"தனியாவா? அலமாக்! தனியாப் போறவன் ஓடிப்போறவன். பாஸ் கெடையாது."

"டோரிஸும் வரா."

"மாமியார மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீங்கன்னு சாவடியில கேப்பான்."

"அவங்களும் வராங்க."

"அட, குடும்பமா! அப்ப நானும் வரேன் லா. எங்கிட்ட கூடாரம் இருக்கு."

யூஜின் அவசரமாகத் தலையாட்டினான். "வாங்க. தவக்காலம் பாருங்க, காலையும் சாயங்காலமும் முட்டி போட்டு ஜெபமாலை. மாமியார் யாரையும் விடமாட்டாங்க. பாறை மேலதான்."

மூர்த்தி தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "கூடாரம் மட்டும் எடுத்துட்டுப் போங்க. வரும்போது எனக்கு ஒரு மீன்."

யூஜின் மூர்த்தியின் முழங்காலுக்கும் நன்றி சொன்னான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கெர்ட்ரூட் அம்மாள் மூட்டை கட்டத் தொடங்கினார். உப்பு, பெரிய பானை, இரண்டு கத்தி, மண்வெட்டி, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, மூன்று பெட்டைக் கோழி, சேவல், ஒரு கட்டு மரவள்ளித் தண்டு.

"மூணு நாளைக்குத் தண்டு எதுக்கு?" என்றான் யூஜின். காட்டில் நட்டுப் பிழைக்க அவனே ஒளித்துக்கொண்டு போக நினைத்திருந்தது அது.

"அடுப்பெரிக்க," என்றாள் டோரிஸ்.

"மண்வெட்டி?"

"மண்புழு தோண்ட."

"மூணு கோழி?"

"அம்மாவுக்குத் துணைக்கு. நீங்க பேசாம கூடாரத்தக் கட்டுங்க."

ஒப்புக்குக் கொஞ்சம் முணுமுணுத்தான். மாமியாரின் பேராசைக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னான். மூன்று பேரில் அவன் ஒருவனுக்குத்தான் உண்மை தெரியும் என்ற பாரம் நெஞ்சில் இருந்தது. புதன்கிழமை முழுக்க அதைச் சுமந்தான்.

வியாழக்கிழமை காலை, படகுத்துறைச் சாவடி. சிப்பாய் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொட்டினான். பானை உருண்டது. கோழி கத்தியது. சிப்பாய் பாஸைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான், ஏதோ கேட்டான்.

மொழிபெயர்ப்பாளர் ஜெயபாலன் சொன்னார்: "மீன் பிடிக்கப் போறீங்கன்னு எழுதியிருக்கு. தூண்டில் எங்கன்னு கேக்குறாரு."

யூஜின் டோரிஸைப் பார்த்தான். டோரிஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மண்வெட்டியைப் பார்த்தார். ஒருவரும் தூண்டில் எடுத்து வைக்கவில்லை.

சிப்பாயின் கை துப்பாக்கிக்குப் போனது. பதினான்காவது பெயர் யூஜினின் கண்முன் நின்றது.

கெர்ட்ரூட் அம்மாள் சேவலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாத்தியா இந்த அநியாயத்த! நான் பொம்பள, சட்டி பானை எடுத்து வச்சேன். மீன் பிடிக்கப் போற மனுசன் தூண்டில வீட்டுல வச்சிட்டு வந்து நிக்கிறாரு! காலேஜ் படிச்சவராம்! என் பொண்ண ஒங்கிட்ட குடுத்திருந்தாக்கூட நேரத்துக்குக் கூவியிருப்ப!"

ஜெயபாலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். சிப்பாய் சேவலைப் பார்த்தான், யூஜினைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாவடிக்குள் போய், யாரிடமோ பறித்து வைத்திருந்த தூண்டில் கயிற்றைக் கொண்டுவந்து யூஜின் கையில் திணித்தான்.

"அவரு மாமியாரும் இப்படித்தானாம்," என்றார் ஜெயபாலன். "பெரிய மீனாப் பிடிச்சு அந்தம்மா வாய அடைக்கச் சொல்றாரு."

யூஜின் சிப்பாய்க்கும் நன்றி சொன்னான்.

சாயங்காலம் மலையடியில் இறங்கினார்கள். காடு நேரே கடலுக்குள் இறங்கியது. படகுக்காரர் திரும்பிப் போனார். கூடாரம் நின்றது. உண்மையைச் சொல்லும் முன் மாமியாருக்கு அவர் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்று யூஜின் பாறையில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் மாட்டியது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

"அத்தே, நீங்க கேட்ட மீன். ஒங்களாலதான் நாம இங்க இருக்கோம். அது எப்படின்னு ஒங்களுக்குத் தெரியாது."

டோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

கெர்ட்ரூட் அம்மாள் சேவலைத் தேடினார். அது கூடைக்குள் தூங்கிவிட்டது. சுற்றிலும் சுவர் எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மருமகனின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் கடைசியாகப் பேசியது இதுதான்:

"எனக்கு மீன் ஆகாது, மாப்ள. திங்கக்கெழம பொத்தான் தைக்கப் போன வீட்டு மேசையில, பதினாலாவது பேரப் படிச்சிட்டுத்தான் வந்தேன்."